அண்ணாந்து பார்த்தது போதும்... சிகாகோவின் உயரமான கட்டடத்தைக் கீழே நின்று பார்த்த கதை!

சிகாகோவுக்குப் போகிறவர்கள் வில்லிஸ் டவரில் செய்கிற காரியம் ஒன்றுதான். லிஃப்டில் 103-வது மாடிக்கு ஏறுவது. கட்டடத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கால் கூச நின்று ஒரு செல்ஃபி எடுப்பது. நானும் அந்த ஆசையோடுதான் போனேன். நடக்கவில்லை. காரணம், அம்மாவின் முழங்கால்.

"அவ்வளவு உசரத்துல ஏறி என்னத்தப் பார்க்கப் போறோம்? விவேகானந்தர் பேசின இடத்தை மட்டும் காட்டிடு, போதும்" என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தார். அம்மாவுக்குச் சொந்த ஊர் பரமக்குடி. ராமநாதபுரம் சேதுபதி மன்னர் உதவிசெய்து விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்பிய கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவர். சிகாகோ என்றால் அவருக்கு அது ஒன்றுதான்.

பெரியம்மா மகள், என் அக்கா, சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறார். நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் வசிக்கும் புறநகர். அங்கிருந்து ரயில் ஏறி நகரத்துக்குள் யூனியன் ஸ்டேஷனில் இறங்கி, அலுவலகத்துக்கு நடப்பார். பத்து வருடத்துக்கும் மேலாக இதே வழி. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, "என்கூடவே வாங்க சித்தி, நான் ஆபீஸ் போற வழியிலதான் எல்லாம் இருக்கு" என்று எங்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

யூனியன் ஸ்டேஷனிலிருந்து விவேகானந்தர் பேசிய இடம் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். நமக்குக் கால் மணி நேர நடை. முழங்கால் தேய்ந்த 62 வயதுக்காரருக்கு அது வேறு கணக்கு. வழியில் எத்தனை இடத்தில் உட்காரலாம் என்பதுதான் அவருடைய மேப்.

ஒரு சுவர் இருந்தது

ஸ்டேஷனின் பெரிய கூடத்தில் பழைய மர பெஞ்சுகள் இருக்கின்றன. 1925-ல் திறந்த ஸ்டேஷன் அது. மேலே கண்ணாடிக் கூரை, காலை வெளிச்சம். அம்மா முதலில் அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்துகொண்டார். பிறகு வெளியே வந்து, ஜாக்சன் தெருப் பாலத்தில் சிகாகோ ஆற்றைக் கடந்தோம். ஆற்றுக் காற்று மஃப்ளருக்குள் புகுந்து காதைக் கடித்தது. பாலம் முடிந்து வாக்கர் டிரைவ் சாலையைத் தாண்டினால், இடது பக்கம் வில்லிஸ் டவர்.

கட்டடத்தின் அடிவாரத்தில் நின்றால் உச்சி தெரிவதில்லை. தெரிவது கண்ணுக்கு நேரே இருப்பது மட்டும்தான்: கண்ணாடி ஜன்னல்கள், கதவுகள், உள்ளே காபிக்கு நிற்கிற வரிசை. ஜாக்சன் தெருப் பக்கம் நீலமும் பச்சையுமாக ஒரு பெரிய சுவர்ச் சிற்பம். ஏறக்குறைய 2,000 எஃகு ஓடுகளால் ஆனது. நாம் நடக்க நடக்க அதன் நிறமும் நிழலும் மாறுகின்றன. ஓலாஃபூர் எலியாசன் என்ற ஐஸ்லாந்து-டென்மார்க் கலைஞர் செய்தது.

"இதெல்லாம் முன்னாடி கிடையாது சித்தி" என்றார் அக்கா. "இந்தப் பக்கம் முழுக்க வெறும் கிரானைட் சுவர். ஒரு ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது. குளிர்காலத்துல அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடும். ஆபீஸ் விட்டு வரும்போது இந்த இடம் வந்தா வேகமா நடந்துடுவேன். போன் அடிச்சாக்கூட எடுக்க மாட்டேன்."

"பயமா?"

"பயம்னு சொல்ல முடியாது. ஒரு தடவைகூட எதுவும் நடந்ததில்ல. ஆனா ஒரு பக்கம் கார் போகுது, இன்னொரு பக்கம் சுவர். ஏதாவது ஆனாக்கூட யாரும் பார்க்க மாட்டாங்கன்னு தோணும்ல, அதுதான்."

அம்மா அந்த இடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்ம ஊரா இருந்தா அந்தச் சுவரை என்ன பண்ணி வெச்சிருப்பாங்கன்னு தெரியும்ல" என்றார். தெரியும்.

அக்கா சொன்னதைத்தான் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கினார். ஒரு தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பது போலீஸ் மட்டுமல்ல. கடைக்காரர், ஜன்னலோரம் நிற்பவர், வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்று அந்தத் தெருவை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் என்றார். நம் தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணாச்சி சம்பளம் வாங்காமல் பார்க்கிற வேலை அது. வெற்றுச் சுவருக்குக் கண் இல்லை.

உலகின் உயரமான கட்டடம், தெருவுக்கு முதுகு

இந்தச் சுவர் ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள 50 வருடம் பின்னால் போக வேண்டும்.

சியர்ஸ் என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அமேசானுக்குப் பல தலைமுறை முன்பே, தடிமனான கேட்டலாக் ஒன்றை வீடு வீடாக அனுப்பி, அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் பொருளைத் தபாலில் அனுப்பிவைத்த கம்பெனி. ஊசி நூல், தையல் மெஷின் மட்டுமல்ல, ஒரு முழு வீட்டுக்குத் தேவையான மரச் சாமான்களையே எண் போட்டு ரயிலில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த சியர்ஸ், 1960-களின் முடிவில் உலகின் மிகப்பெரிய சில்லறை வியாபார நிறுவனம். தன் ஊழியர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவரத் திட்டமிட்டுக் கட்டியதுதான் சியர்ஸ் டவர். 1973-ல் முழு உயரத்தைத் தொட்டது: 1,450 அடி. அப்போது உலகிலேயே உயரமான கட்டடம். 1998-ல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் வரும்வரை அந்தப் பெயர் அதனிடமே இருந்தது.

வடிவமைத்தவர் புரூஸ் கிரஹாம். அதை நிற்கவைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். தலா 75 அடி சதுரத்தில் ஒன்பது குழாய்களை ஒன்றாகக் கட்டினால், ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக் காற்றைத் தாங்கும் என்பது அவருடைய கணக்கு. விறகுக்கட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குச்சியை ஒடித்துவிடலாம், கட்டை ஒடிக்க முடியாது. எல்லாக் குழாய்களும் உச்சிவரை போகவில்லை. 50, 66, 90-வது மாடிகளில் ஒவ்வொன்றாக நின்றுவிட, கடைசியில் இரண்டு மட்டும் மேலே போகின்றன. ஜாக்சன் தெருவும் ஃபிராங்க்ளின் தெருவும் சந்திக்கும் மூலையில் கானின் பெயரில் பழுப்பு நிறப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அக்கா அதைக் காட்டினார். பத்து வருடத்துக்கு மேல் தினமும் பார்ப்பதாகவும், அவர் யாரென்று நான் சொல்லித்தான் தெரியும் என்றும் சொன்னார். எனக்கே முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். அதைச் சொல்லவில்லை.

மேலே இவ்வளவு யோசித்தவர்கள் கீழே யோசிக்கவில்லையா? யோசித்தார்கள், அந்தக் காலத்து வழியில். கட்டடத்தைத் தெருவிலிருந்து விலக்கி நிறுத்தி, சுற்றிலும் திறந்த கல்தளம் விடுவது அன்றைய நவீன பாணி. நியூயார்க்கில் 1958-ல் வந்த சீகிராம் கட்டடம் அதற்குப் பெரிய முன்மாதிரி. வெளியே இப்படி இடம் விட்டால் கூடுதல் தளங்கள் கட்டிக்கொள்ளலாம் என்று நகரங்களும் சட்டத்திலேயே சலுகை கொடுத்தன. சீகிராம் முன்னால் அந்தத் தளம் நன்றாக வேலை செய்தது. காப்பியடித்த பல இடங்களில் செய்யவில்லை. சியர்ஸ் டவரில், தெருவைவிட உயர்த்திக் கட்டிய கிரானைட் தளம், அதைத் தாங்குகிற சுவர், மேலே கட்டடத்தில் மோதித் திரும்பும் காற்று. தளத்தில் நின்று பேச ஆளில்லை. சுவரோரம் நடப்பவருக்குப் பார்க்க ஏதுமில்லை.

இன்னொரு விஷயம். இந்தக் கட்டடம் இருக்கும் இடம் முன்பு ஒரே மனையல்ல. நடுவில் குயின்சி என்ற சிறிய தெரு ஓடியது. அந்தத் துண்டை நகரத்திடமிருந்து சியர்ஸ் வாங்கி மனையோடு சேர்த்துக்கொண்டது. கிழக்கே இன்றும் குயின்சி தெரு இருக்கிறது. நேரே நடந்து வந்தால், டவரில் போய் முட்டும்.

சியர்ஸ் 1990-களில் இங்கிருந்து புறநகருக்குப் போய்விட்டது. 2009-ல் கட்டடத்தின் பெயரும் மாறி வில்லிஸ் டவர் ஆனது. (அக்காவின் ஆபீஸில் பாதிப் பேர் இன்னும் சியர்ஸ் டவர் என்றுதான் சொல்கிறார்களாம். நாம் மவுன்ட் ரோடு என்று சொல்வதில்லையா!)

50 கோடி டாலரில் கதவு வைத்தார்கள்

2015-ல் பிளாக்ஸ்டோன் நிறுவனம் கட்டடத்தை வாங்கியது. இரண்டு வருடம் கழித்து, 50 கோடி டாலரில் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தது. கென்ஸ்லர் என்ற கட்டடக்கலை நிறுவனம் வரைந்த திட்டம் கோபுரத்தின் கறுப்பு உடம்பை அப்படியே விட்டுவிட்டது. மாற்றம் பெரும்பாலும் பாதத்தில்தான். பழைய கல்தளத்தையும் சுவரையும் எடுத்துவிட்டு, கோபுரத்தின் மூன்று பக்கமும் சுற்றிக்கொள்வதுபோல 3 லட்சம் சதுர அடியில் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் கொண்ட தாழ்வான கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். அதன் கூரையில் 30,000 சதுர அடியில் தோட்டம். 2022-ல் முழுமையாகத் திறந்தார்கள். பெயர் 'கேட்டலாக்'. கட்டடத்திலிருந்து சியர்ஸ் பெயர் போய்விட்டாலும், அது விற்ற புத்தகம் இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

வியாபார நோக்கம் இல்லாமல் இதைச் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. புதிய அலுவலகக் கட்டடங்களோடு போட்டி போட வேண்டும், வாடகைக்கு ஆள் வர வேண்டும். ஆனால், அந்த நோக்கத்தோடு செய்த வேலையில் தெருவில் நடப்பவருக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. ஒரு கட்டடத்தை நகரத்திலுள்ள எல்லோரும் உபயோகிப்பது அதன் கீழே இருக்கும் முப்பது அடியைத்தான். மேலே உள்ளது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும், டிக்கெட் வாங்கி ஏறுபவர்களுக்கும்.

கதவு கண்ணில் பட்டதும் அம்மா உள்ளே போய்விட்டார். உட்கார வேண்டியிருந்தது.

உள்ளே நடுவில் ஒரு முற்றம் மாதிரி. 75 அடிக்கு 75 அடி கண்ணாடிக் கூரை. கோபுரத்தின் ஒன்பது குழாய்களில் ஒன்றின் அதே அளவு. நிமிர்ந்து பார்த்தால், அந்தக் கண்ணாடி வழியாகக் கறுப்புக் கோபுரம் மேகத்துக்குள் போவது தெரிகிறது. வெளியே தெருவில் நின்று கழுத்து வலிக்கத் தேடிய உச்சியை, அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டு முத்தம் மாதிரி இருக்கு. மழைதான் உள்ள வராது" என்றார். பரமக்குடி வீட்டு முற்றத்துக்கும் இதற்கும் ஒப்பீடு என்று எந்தக் கட்டடக்கலைப் பத்திரிகையும் எழுதியிருக்காது.

நாங்கள் உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குள் ஓர் உறுத்தல். பையில் அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை இருந்தது. அதை எடுத்துப் பிரிக்கக் கை வரவில்லை. கடைசியில் போய் ஒரு காபி வாங்கி வந்தேன். "எதுக்கு இப்ப காபி? இப்பதானே வீட்டுல குடிச்சோம்" என்றார் அம்மா. இடத்துக்கு வாடகை என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த மாற்றத்தில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான். பழைய தளம் மோசமானது, காற்றடிக்கிற, யாரும் விரும்பாத இடம். ஆனால் வானம் பார்த்த இடம்; காசு இல்லாதவரும் நிற்கலாம். இப்போது அங்கே கூரையும் ஹீட்டரும் வெளிச்சமும் வந்திருக்கின்றன, கூடவே கல்லாப் பெட்டியும். வாசலில் இரண்டு பெஞ்ச், தெருவைப் பார்த்து, கடை எதையும் சேராமல் இருந்திருந்தால் எனக்கு நிறைவாக இருந்திருக்கும். வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் பிளாசாக்களில் கேமரா வைத்து, ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே உட்காரவில்லை என்று படம் பிடித்து ஆராய்ந்தார். 1980-ல் வந்த அவருடைய புத்தகம் சொல்லும் முடிவு குழந்தைக்கும் புரியும்: உட்கார வசதி இருக்கும் இடத்தில் ஜனங்கள் உட்காருகிறார்கள். பக்கத்தில் தின்பண்டம் இருந்தால் இன்னும் அதிகமாக. இங்கே இரண்டாவதைத் தாராளமாகச் செய்திருக்கிறார்கள்.

நேரமும் சாதகமாக அமையவில்லை. ஆயிரக்கணக்கானோர் தினமும் ஆபீஸ் வந்துபோவதை நம்பித் தொடங்கிய வேலை, கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் பழகிய பிறகு முடிந்தது. அக்காவே இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். "செவ்வாய், புதன், வியாழன் கூட்டமா இருக்கும். வெள்ளிக்கிழமை வந்து பாரு, வேற ஊர் மாதிரி இருக்கும்" என்றார்.

ஆடம்ஸ் தெருவில் கிழக்கே

அக்கா ஆபீஸுக்குப் போய்விட, நாங்கள் இருவரும் ஆடம்ஸ் தெருவில் கிழக்கு நோக்கி நடந்தோம். வெல்ஸ் தெருவில் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில் கடகடத்துப் போனது. அம்மா காதைப் பொத்திக்கொண்டார். லாசால் தெரு மூலையில் ரூக்கரி கட்டடம், 1888-ல் கட்டியது. நவீனமே இல்லாத பழைய செங்கல் கட்டடம். ஆனால், அதன் நடுவிலும் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கூடம்! நூறு வருடம் கழித்து வில்லிஸ் டவர் செய்த வேலையை, நாலு தெரு தள்ளி முன்பே செய்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து டியர்போர்ன் தெருவில் ஃபெடரல் பிளாசா. இதுவும் சியர்ஸ் டவர் காலத்து நவீன பாணிதான், மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்தது. இதுவும் கல்தளம்தான். ஆனால் தெருவும் தளமும் ஒரே மட்டம். சுவர் இல்லை, படி ஏற வேண்டாம். நடப்பவர்கள் குறுக்கே புகுந்து போகிறார்கள். நடுவில் 53 அடி உயரத்தில் சிவப்பாக காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிறது கால்டரின் 'ஃபிளமிங்கோ' சிற்பம். 1974 அக்டோபர் 25 அன்று, இதையும் சியர்ஸ் டவர் லாபியில் வைத்த தன் இன்னொரு சிற்பத்தையும் ஒரே நாளில் திறந்துவைக்க, கால்டர் சர்க்கஸ் ஊர்வலத்தோடு வந்தாராம். லாபிச் சிற்பம் 2017-ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஃபிளமிங்கோ இங்கேயேதான் நிற்கிறது, அதன் காலுக்கு அடியில் ஜனங்கள் போய் வருகிறார்கள். வெயில் காலத்தில் செவ்வாய்க்கிழமைகளில் உழவர் சந்தைகூடக் கூடும். நாங்கள் போனது நவம்பர் என்பதால் அம்மாவுக்குக் கத்தரிக்காய் விலை கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆக, குற்றம் நவீன பாணியில் மட்டும் இல்லை. தெருவோடு ஒரே மட்டத்தில் இருந்த தளம் பிழைத்துக்கொண்டது; மேடையேறி உட்கார்ந்த தளத்தை இடிக்க வேண்டிவந்தது.

மிச்சிகன் அவென்யூவில் ஆடம்ஸ் தெரு முடிகிறது. எதிரே கலைக்கூடம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். 1893-ல் சர்வ சமயப் பேரவை நடந்தது இந்தக் கட்டடத்தில்தான். சாலையில் 'சுவாமி விவேகானந்தா வே' என்ற பழுப்புப் பலகை, கானுக்கு வைத்ததுபோலவே. அம்மா அதன்கீழ் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு கலைக்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்து, பையைத் திறந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டமும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மாலையில் அக்காவோடு திரும்பும்போது ஐந்தரை. நன்றாக இருட்டிவிட்டது. ஜாக்சன் தெருவில் ஜன்னல் வெளிச்சம் நடைபாதையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடந்தது. உள்ளே யாரோ தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்தப் பழைய சுவர் இருந்த இடத்தில் அக்காவின் போன் அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தார். நடை நின்றுவிட்டது. ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டு, பையனின் ஹோம்வொர்க் பற்றி ஐந்து நிமிடம்.

"ட்ரெயினுக்கு நேரமாச்சு, வா கண்ணு" என்று அம்மாதான் அவசரப்படுத்தினார்.